கொசஸ்தலை ஓரமாக நடையும் சைக்கிளும்: வாசகர் கேள்வி – பதில்

கொசஸ்தலை ஆற்றங்கரை, எண்ணூர் கழிமுகம், பழவேற்காடு பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் தந்திருக்கிறோம். 'போட்டோ எங்கே நல்லா வரும்' என்று மட்டும் கேட்டவர்கள் மன்னிக்கவும்.

*எண்ணூர் பக்கம் ஆற்றோரமாக நடக்க, சைக்கிள் ஓட்ட ஒழுங்கான பாதை இருக்கிறதா? எங்கிருந்து தொடங்குவது?*
– எம்.ஆர்., தண்டையார்பேட்டை

பலகை நட்டு, கல் பதித்து, கிலோமீட்டர் எழுதி வைத்த பாதை கிடையாது. மீனவர்கள் படகுக்குப் போகும் ஒற்றையடித் தடங்கள், வெள்ளத்துக்காகப் போட்ட மண்கரைகள், குப்பத்துத் தெருக்கள், இவ்வளவுதான் இருக்கின்றன. ஆற்றை மூன்று துண்டாகப் பார்த்துக்கொண்டால் குழப்பம் வராது.

முதல் துண்டு வல்லூர் அணைக்கட்டுக்கு மேலே. பூண்டியிலிருந்து தாமரைப்பாக்கம் வழியாக வரும் ஆற்றை மீஞ்சூருக்குப் பக்கத்தில் இந்த அணைக்கட்டு மறிக்கிறது. கடல் ஓதம், அதாவது கடல்நீர் தினமும் ஏறி இறங்குவது, இதைத் தாண்டி மேலே ஏறாது. மேலே நல்ல தண்ணீர், கீழே உப்பு. சைக்கிளுக்கு ஏற்றது இந்த மேல்பக்கம்தான். கரை உயரமாக இருக்கும், மண் இறுகியிருக்கும், ஓத நேரம் பார்க்கும் தொல்லையும் இல்லை. கரைத் தடம் எல்லா இடத்திலும் தொடர்ச்சியாக இருக்காது. சீமைக்கருவேலம் மூடிய இடத்தில் முட்டி மோதாமல் ஊர்ச் சாலைக்கு இறங்கி, அடுத்த ஊரில் மறுபடி கரை ஏறுங்கள்.

இரண்டாவது, அணைக்கட்டிலிருந்து எண்ணூர் ரயில் பாலம் வரை. மணலிச் சதுப்பு, பக்கிங்காம் கால்வாய் வந்து சேரும் இடம், சாம்பல் படிவு, கன்டெய்னர் லாரி எல்லாம் இங்கேதான். ஆற்று விளிம்புக்குச் சைக்கிளை இறக்கவே வேண்டாம். சாலையிலிருந்து பார்த்துக்கொண்டு கடந்து போவதோடு சரி.

மூன்றாவது, ரயில் பாலத்துக்குக் கிழக்கே முகத்துவாரம் வரை. இது நடப்பவர்களின் இடம். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயிலில் கத்திவாக்கத்திலோ எண்ணூரிலோ இறங்கி, நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் பக்கமாக நடக்கலாம். மெட்ரோவில் வருபவர்களுக்கு வடக்குக் கோடி விம்கோ நகர் பணிமனை. அங்கிருந்து பேருந்தோ சைக்கிளோ பிடித்தால்தான் எண்ணூர்.

முதல் தடவை வருபவர்கள் மூன்றையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். சைக்கிள் என்றால் மீஞ்சூரில் தொடங்கி, அணைக்கட்டைப் பார்த்து, மேல்நோக்கி எட்டுப் பத்து கிலோமீட்டர் போய், அதே வழியில் திரும்புங்கள். தார்ச்சாலையில் மணிக்கு 18 கி.மீ. போகிறவர் மண்கரையில் 9 அல்லது 10 போனாலே அதிகம். 20 கி.மீ.க்கு மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

*கழிமுகத்தில் ஓதம் பார்த்துத்தான் நடக்க வேண்டும் என்கிறார்கள். ஓதத்தை எப்படிக் கணக்கிடுவது? போனில் பார்த்த நேரமும் நேரில் பார்த்ததும் ஒத்துப்போகவில்லை.*
– எஸ்.கே., பெரம்பூர்

ஒத்துப்போகாது. போன் காட்டுவது சென்னைத் துறைமுகத்துக்கான நேரம், அதாவது வெளிக்கடலின் நேரம். கழிமுகத்துக்குள் தண்ணீர் முகத்துவாரத்தின் வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும். மணல் மேடிட்டு வாய் குறுகியிருக்கும் காலத்தில் உள்ளே ஏற்றமும் வற்றமும் தாமதமாகும், அளவும் குறையும். தூர்வாரி வாய் திறந்திருக்கும்போது தாமதம் குறைவு. எனவே 'எப்போதும் இத்தனை நிமிடம் கூட்டு' என்று நிலையான கணக்கு எதுவும் கிடையாது.

பொதுக் கணக்கு இது. ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய ஆறேகால் மணி நேரம். ஒவ்வொரு நாளும் நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சென்னைக் கடலில் ஏற்ற வற்ற வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மீட்டர். அஷ்டமியை ஒட்டி அதில் பாதிக்கும் குறைவு. வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே இதற்குப் போதும். போகும் நாளைக் காலண்டரில் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், துறைமுக நேரத்தை ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்தின் அறிவிப்பில் பாருங்கள், கழிமுகத்தின் தாமதத்தை நேரில் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நேரில் தெரிந்துகொள்ள ஒரு குச்சி போதும். போனதும் தண்ணீர் விளிம்பில் குத்தி வையுங்கள். பத்து நிமிடத்தில் தண்ணீர் குச்சியை விட்டு விலகியிருந்தால் வற்றம், தாண்டி வந்திருந்தால் ஏற்றம். பாலத் தூணிலும் அலையாத்தி மரத்தின் அடியிலும் ஈரக்கோடு தெரியும். அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும் எந்தத் தடமும் ஏற்றத்தில் முழுகும். அதற்குக் கீழே இறங்கி நடக்கிறீர்கள் என்றால், வற்றம் முடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது கிளம்பி, வற்றம் நின்றதும் திரும்பிவிட வேண்டும். ஏற்றம் தொடங்கிய பிறகு 'இன்னும் கொஞ்சம் தூரம்' வேண்டாம். முன்னால் வரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் இருக்கும் சிறு ஓடை முதலில் நிறைந்து வழியை அடைத்துவிடும். பலர் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

ஓடை முழங்கால் ஆழம்தானே என்று குறுக்கே இறங்காதீர்கள். தூர்வாரிய கால்வாயின் விளிம்பு சரிவாக இருக்காது, ஒரே அடியில் ஆழமாகிவிடும். வற்றத்தின் நடுப்பகுதியில் முகத்துவாரத்தை நோக்கி இழுப்பும் பலமாக இருக்கும். முகத்துவாரத்தில் குளிப்பது பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்கும் இதுவே பதில்.

*சேற்றில் கால் இறங்கிவிட்டால் என்ன செய்வது? எது உறுதியான தரை என்று பார்த்தே சொல்ல முடியுமா?*
– டி.வி., மணலி புதுநகர்

பெரும்பாலும் முடியும். உமரிச் செடி படர்ந்த மேட்டுத்தரை காலைத் தாங்கும். சிப்பி ஓடும் மணலும் கலந்த தரையும் தாங்கும், ஆனால் வெறுங்காலை அறுத்துவிடும். கறுத்து, முட்டை அழுகிய நாற்றம் வரும் சேறு கணுக்காலுக்கு மேல் இறங்கும். பென்சில் நட்டதுபோல் மூச்சு வேர்கள் நிற்கும் இடம் தாங்காது, தாங்கினாலும் அங்கே கால் வைக்கக் கூடாது. எண்ணூரில் அதிகம் இருப்பது வெண்கண்டல். சேற்றுக்குள் காற்று இல்லாததால் அந்த வேர் முனைகள் வழியாகத்தான் மரம் மூச்சு விடுகிறது. கூட்டமாகப் பத்துப் பேர் ஒரு தடவை நடந்தாலே தடம் போட்டதுபோல் ஒடிந்து கிடக்கும்.

மிகவும் ஏமாற்றுவது சாம்பல் படிவு. அனல்மின் நிலையச் சாம்பல் கரைசல் படிந்த இடங்கள் வெளிர் சாம்பல் நிறத்தில், மாவு தட்டியதுபோல் வழவழப்பாக, மேலே காய்ந்து பாளமாக வெடித்து இருக்கும். பார்க்க நல்ல தரை. ஆனால் பாளத்துக்கு அடியில் கூழ். செடி எதுவும் முளைக்காத வழவழப்பான சாம்பல் நிறத் தரையில் கால் வைக்காதீர்கள்.

முழங்கால்வரை இறங்கிவிட்டால் காலை வெடுக்கென்று பிடுங்காதீர்கள். பாதத்துக்கு அடியில் வெற்றிடம் ஏற்பட்டுச் சேறு இன்னும் இறுக்கும். பின்பக்கமாகச் சாய்ந்து உட்காருங்கள், உடல் எடை பரவட்டும். ஒரு காலை மட்டும் பக்கவாட்டில் சிறிது சிறிதாக ஆட்டினால் சேற்றுக்குள் தண்ணீர் இறங்கும், பிடி விடும். பிறகு மெதுவாக மேலே இழுங்கள். ஒரு கால் வந்ததும் அதை நிமிர்த்தி ஊன்றாமல், முட்டியோடு கிடத்தி வையுங்கள். கூட வந்தவர் கையைப் பிடித்து இழுக்க ஓடி வந்தால் இரண்டு பேரும் மாட்டுவீர்கள். உறுதியான தரையில் நின்றபடி துண்டையோ கம்பையோ நீட்டினால் போதும். சைக்கிள் பக்கத்தில் இருந்தால் அதைப் படுக்கவைத்து அதன்மேல் சாய்ந்து எழலாம். சைக்கிளை அப்புறம் கழுவிக்கொள்ளலாம்.

காலில் வெட்டுப்பட்டால் பாட்டிலில் இருக்கும் குடிநீரால் நன்றாகக் கழுவி மூடுங்கள். அசுத்தமான காயத்துக்கு, கடைசி டிடி ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டும். அடுத்த நாள் சிவந்து வீங்கினால் மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள். உப்பங்கழிக் காயம் வேகமாகச் சீழ்ப் பிடிக்கக்கூடியது, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இன்னும் அபாயம்.

*அம்மாவுக்கு வயது 62. காலையில் இரண்டு மணி நேரம் நிதானமாக நடக்க எந்த இடம்? கழிவறை இருக்குமா?*
– வாசகி, கொளத்தூர்

முகத்துவாரக்குப்பம் பக்கம், குப்பத்துத் தெரு வழியாகவே. சேற்றுத் தடம் வேண்டாம். ஆற்றோரத்தில் கழிவறையை எதிர்பார்க்காதீர்கள், ரயில் நிலையத்திலேயே முடித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. கழிவறை இல்லையே என்று அம்மா தண்ணீர் குடிக்காமல் வருவார், அதை மட்டும் விடாதீர்கள். மணிக்கு அரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரை என்றால் எட்டரைக்குள் நிழலுக்குத் திரும்பிவிடுங்கள்.

*கரையில் ஓட்டினால் தவறாமல் பஞ்சர். ஒட்டிக்கொண்டு கிளம்பினால் அரைக் கிலோமீட்டரில் மறுபடி பஞ்சர். கியர் சைக்கிள், 700 x 38 டயர். சாதா சைக்கிளே மேல் என்கிறார் கடைக்காரர். உண்மையா?*
– ஜே.பி., வியாசர்பாடி

இரண்டாவது பஞ்சருக்குக் காரணம் பெரும்பாலும் புது முள் இல்லை, பழைய முள்ளேதான். சீமைக்கருவேல முள் டயருக்குள் இறங்கியதும் வெளியே நீட்டிய பகுதி உடைந்துவிடும், நுனி ரப்பருக்குள்ளேயே இருக்கும். டியூபை மட்டும் ஒட்டிப் போட்டால் காற்று ஏறியதும் அதே நுனி மறுபடி குத்தும். ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே புது ஓட்டை வந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

செய்ய வேண்டிய ஒழுங்கு இது. டியூபைக் கழற்றும் முன் டயரும் வால்வும் இருக்கும் நிலையை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். டியூபில் ஓட்டை கிடைத்ததும், வால்விலிருந்து அந்தத் தூரத்தை டயரில் வைத்துப் பாருங்கள். முள் இருக்கும் இடம் உடனே தெரியும். டயரின் உட்புறத்தை விரலால் தடவாதீர்கள். பழைய பருத்தித் துணியைச் சுருட்டி இரண்டு திசையிலும் ஓட்டினால், துணி நூல் சிக்கும் இடத்தில் முள் இருக்கும். நுனி உள்பக்கம் தெரிந்தால் வெளியிலிருந்து சிறு ஆணியால் குத்தி உள்ளே தள்ளி, நகவெட்டியாலோ குறடாலோ பிடுங்குங்கள். ஒன்று கிடைத்ததும் நிறுத்தாமல் முழுச் சுற்றும் பாருங்கள். கரையில் கிடக்கும் ஒரு கிளையில் ஏறினாலே நான்கைந்து இறங்கியிருக்கும்.

ஒட்டுவதில் எல்லோரும் அவசரப்படுவது சொல்யூஷன் காயும் நேரத்தில். உப்புத்தாளால் ஒட்டைவிடச் சற்றுப் பெரிய இடத்தைச் சொரசொரப்பாக்கி, தூசி துடைத்து, மெல்லிசாகத் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்குக் காயவிட வேண்டும். மூன்றிலிருந்து ஐந்து நிமிடம். கடற்கரை ஈரக் காற்றில் இன்னும் கொஞ்சம் கூட ஆகலாம். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் அடியில் ஆவி சிக்கி, வெயிலில் டியூப் சூடானதும் ஓரம் கிளம்பும்.

தடுக்க வேண்டுமென்றால் மூன்று வழி. டயருக்கும் டியூபுக்கும் நடுவே போடும் பட்டை மலிவு, ஆனால் பட்டையின் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடம் டியூபை உரசித் தேய்க்கும். முனைகளை வட்டமாக வெட்டி, உப்புத்தாளால் மழுக்கிப் போடுங்கள். டியூபுக்குள் அடைப்பான் திரவம் விடுவது நெருஞ்சி முள்ளுக்கும் சிறு கருவேல முள்ளுக்கும் நன்றாக வேலை செய்யும். 700 x 38க்கு ஒரு சக்கரத்துக்கு 60 மி.லி. கழற்றக்கூடிய வால்வாக இருந்தால்தான் விட முடியும். சென்னை வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும் என்பதால் மறுபடி விட வேண்டும். மூன்றாவது டியூப்லெஸ். ரிம் அதற்கு ஏற்றதாக இருந்தால் மட்டும். ஏற்றதில்லாத ரிம்மில் டேப் சுற்றிச் சமாளிப்பதை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை.

காற்று அளவையும் பாருங்கள். 70 கிலோ எடையுள்ளவர் இந்த டயரில் தார்ச்சாலைக்கு 50 பிஎஸ்ஐ, மண்கரைக்கு 38 முதல் 40. மணலில் சிக்குகிறது என்று 25க்கு இறக்கினால் கல்லில் மோதும்போது ரிம் விளிம்பும் கல்லும் டியூபை நடுவில் வைத்து நசுக்கும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் இருந்தால் அது முள் இல்லை, காற்றுக் குறைவு.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. 28 இஞ்ச் சாதா சைக்கிள் இறுகிய கரையில் அருமையாகப் போகும், செயின் கவர் இருப்பதால் உப்பும் தூசியும் குறைவாகவே ஏறும், எந்த ஊர்க் கடையிலும் வேலை பார்ப்பார்கள். ஆனால் மெல்லிய டயர் மணலில் புதையும். அதோடு வெயிலில் கிடந்த வால்டியூப் (வால்வுக்குள் இருக்கும் சிறு ரப்பர் குழாய்) வெடித்துக் காற்று இறங்கினால் அதையும் பஞ்சர் என்று நினைத்து டியூபைக் கழற்றுவார்கள். முதலில் வால்வில் எச்சில் தொட்டு வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் ஒரு துண்டு வால்டியூப் மாற்றினால் தீர்ந்தது.

*எண்ணூர் போய் வந்த இரண்டு வாரத்தில் செயின் துருப்பிடித்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் கழுவிவிட்டுத்தான் வைக்கிறேன்.*
– ஆர்.எல்., திருவொற்றியூர்

எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள் என்று எழுதவில்லை. போர்வெல் தண்ணீர் என்றால் காரணம் அதுவாகவே இருக்கலாம். மீஞ்சூர் தொடங்கிக் கடலோரம் நெடுக நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறி வெகுகாலமாகிறது. உப்பைக் கழுவுகிறேன் என்று உப்புத் தண்ணீரையே ஊற்றி, அதைக் காயவும் விட்டால் துரு வேகமாக வரும். கடைசி அலசலாவது மெட்ரோ வாட்டரில் இருக்கட்டும். இரண்டு வாளி போதும், ஒன்றில் சோப்பு நுரை, ஒன்றில் அலசல். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் பைப்பை ஹப், பெடல், ஹேண்டில் தலை பக்கம் காட்டாதீர்கள். கிரீஸைத் துளைத்துக்கொண்டு தண்ணீர் உள்ளே போய், பால்ஸில் துரு பிடித்து, ஒரு மாதம் கழித்துக் கரகரவென்று சத்தம் கேட்கும்.

கழுவியதும் துணியால் துடைத்து, ஒரு மணி நேரம் நிழலில் உலரவிட்டு, பிறகு எண்ணெய். செயினின் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு. பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, கால் மணி நேரம் ஊறவிட்டு, வெளியில் இருக்கும் எண்ணெய் முழுவதையும் துடைத்தெடுங்கள். துடைக்காமல் விடுவதுதான் பெரிய தப்பு. எண்ணூர்த் தூசியும் சாம்பலும் அந்த ஈரத்தில் ஒட்டிக்கொண்டு உப்புத்தாள் போலத் தேய்க்கும். பழைய என்ஜின் ஆயிலையும் இதே காரணத்துக்காகத் தவிருங்கள். தையல் மெஷின் எண்ணெய் சுத்தமானது, ஆனால் மெல்லிசு. ஒரு பயணத்துக்கு ஒரு தடவை போட வேண்டிவரும்.

செயினைப் பார்க்கும் பலர் சீட் கம்பியை மறந்துவிடுகிறார்கள். அலுமினியக் கம்பியும் இரும்பு பிரேமும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் ஒன்றோடொன்று இறுகிப்போய், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வெளியே எடுத்துத் துடைத்துக் கிரீஸ் தடவி இறக்குங்கள். ஸ்போக்ஸ் நிப்பிளுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால், கோட்டம் எடுக்கும்போது கம்பி முறியாது.

*லாரிச் சாலையைத் தவிர்க்கவே முடியாதா?*
– பி.என்., கொருக்குப்பேட்டை

முழுவதும் முடியாது. எண்ணூர் விரைவுச் சாலையோ, திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலையோ, ஏதோ ஒன்றில் கொஞ்ச தூரம் போகத்தான் வேண்டும். சைக்கிளை மீஞ்சூரில் உறவினர் வீட்டில் போட்டு வைத்துவிட்டு ரயிலில் வந்து எடுத்துக்கொள்பவர்கள் புத்திசாலிகள்.

ஓட்டுவதானால் சில விஷயங்கள். நிற்கும் லாரி வரிசையின் இடப்பக்கச் சந்தில் நுழையாதீர்கள். கன்டெய்னர் இடப்புறம் திரும்பும்போது முன்பகுதி அகலமாகப் போகும், பின்சக்கரம் மூலையை ஒட்டி உள்ளே வரும். அந்த இடத்தில் இருப்பவரை ஓட்டுநரால் பார்க்க முடியாது. அவருடைய கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. சாலை ஓரத்து மணலில் சக்கரத்தை விட்டுவிட்டுத் தாரில் ஏற முயலும்போது விழுபவர்கள் அதிகம். ஓரத்தில் கால் மீட்டர் இடம் விட்டு, ஒரே கோட்டில் ஓட்டுங்கள். பின்னால் சிவப்பு விளக்கு பகலிலும் எரியட்டும். ஜனவரியில் ஆறரைக்கு மேல்தான் விடிகிறது. ஐந்து மணிக்கே கிளம்பும் ஆர்வத்தைக் கோடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

*2023 டிசம்பரில் எண்ணெய் கலந்ததே, இப்போது ஆற்றுச் சேறு சுத்தமாகிவிட்டதா? சில இடத்தில் தண்ணீர்மேல் வானவில் நிறம் தெரிகிறது.*
– கே.எஸ்., எர்ணாவூர்

மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த அந்த எண்ணெய் மரங்களில், படகுகளில், வலைகளில், கூழைக்கடாக்களின் இறகுகளில் எல்லாம் படிந்ததை எல்லோரும் பார்த்தோம். தண்ணீர்மேல் மிதந்ததை அள்ளலாம், அலை அடித்துச் செல்லலாம். சேற்றுக்குள் இறங்கியது அப்படிப் போகாது. காற்றில்லாத சேற்றில் எண்ணெயைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மிக மெதுவாகவே வேலை செய்யும். அலையாத்திச் சேற்றில் அது வருடக்கணக்கில் தங்கக்கூடியது. மூச்சு வேரின் துளைகளை எண்ணெய் அடைத்தால் மரம் அன்றே சாகாது. இலை உதிர்ந்து, மாதங்கள் கழித்துத்தான் பட்டுப்போவது தெரியும்.

வானவில் நிறம் எல்லாமே எண்ணெய் இல்லை. இரும்புச் சத்துள்ள சேற்றில் பாக்டீரியாவும் அதே பளபளப்பைத் தரும். குச்சியால் கிளறிப் பாருங்கள். கண்ணாடி உடைந்ததுபோல் துண்டு துண்டாகப் பிரிந்து அப்படியே நின்றால் பாக்டீரியா. சுழன்று மறுபடி ஒன்றுசேர்ந்தால் எண்ணெய். எண்ணெய் என்றால் அங்கே இறங்க வேண்டாம். காலில் பட்டுவிட்டால் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள். சமையல் எண்ணெய் தடவித் துணியால் துடைத்துவிட்டு, பிறகு சோப்பு.

இதோடு சேர்த்து ஒன்று. தொழிற்சாலைப் பக்கம் திடீரென்று மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் நின்று யோசிக்காமல், காற்று வரும் திசைக்குக் குறுக்காக விலகிப் போங்கள். காற்று போகும் திசையிலேயே ஓடினால் வாயுவும் கூடவே வரும். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். அதே 2023 டிசம்பரில் பெரியகுப்பம் பக்கம் அம்மோனியா கசிந்தது நினைவிருக்கும்.

*பூநாரை பார்க்க எப்போது, எங்கே போகலாம்? எவ்வளவு பக்கத்தில் போகலாம்?*
– வாசகி, பொன்னேரி

உங்கள் ஊரிலிருந்தே சைக்கிளில் பழவேற்காடு போய்விடலாம். நவம்பரிலிருந்து மார்ச் வரை காலம், ஆனால் மாதத்தைவிடத் தண்ணீர் மட்டம்தான் முக்கியம். மழை வெள்ளம் ஏரியில் நிறைந்திருக்கும்போது பூநாரை நின்று மேய முடியாது. மட்டம் இறங்கி, அதன் முழங்கால் அளவு தண்ணீர் பரந்து நிற்கும்போதுதான் கூட்டம் சேரும். வடகிழக்கு மழை நன்றாகப் பெய்த வருடத்தில் ஜனவரிக்குப் பிறகு போவது மேல்.

தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். பொதுச் சாலையை விட்டு உள்ளே இறங்குவதானால் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நூறு மீட்டருக்கு உள்ளே போகாமல் பைனாகுலரில் பாருங்கள். உண்மையான அளவுகோல் பறவையே. தலையைத் தண்ணீரில் வைத்து மேய்ந்துகொண்டிருந்தவை எல்லாம் ஒரே நேரத்தில் தலை தூக்கினால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். நடக்கத் தொடங்கினால் தாண்டிவிட்டீர்கள். அப்போதாவது உட்காருங்கள், பின்வாங்குங்கள். பறக்க வைத்துப் படம் எடுப்பது, அதன் அன்றைய சாப்பாட்டைப் பிடுங்குவதுதான்.

படகில் போகலாம் என்று யாராவது கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள். 2011 டிசம்பர் 25 அன்று இதே ஏரிப் பகுதியில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள்.

*நாயை அழைத்துப் போகலாமா?*
– வி.ஜி., மாதவரம்

வேண்டாம். தரையில் மேயும் உள்ளான் பறவைகளுக்கு நாயின் வாசனையும் ஓட்டமுமே போதும், அந்தக் காலைப்பொழுது வீண். குப்பத்து நாய்களும் சும்மா விடாது.

*மீனவர்கள் எங்களைப் பார்த்துச் சத்தம் போட்டார்கள். நாங்கள் எதையும் தொடவில்லையே?*
– கல்லூரி மாணவர்கள் சிலர், இராயபுரம்

எங்கே நின்றிருந்தீர்கள் என்பதுதான் கேள்வி. தண்ணீரில் வரிசையாகக் கம்பு நட்டிருந்தால் அங்கே வலை இருக்கிறது. அதன் குறுக்கே நடந்தாலோ கல் எறிந்தாலோ அந்த ஓதத்தின் பிடிப்பு போய்விடும். பழவேற்காட்டில் 'பாடு' முறைப்படி எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று முறை வைத்திருக்கிறார்கள். ஒருவரின் முறை கெட்டால் அடுத்த முறை வரும்வரை அவருக்கு வருமானம் குறையும். ஆழமில்லாத இடத்தில் குனிந்து கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் இருந்தால், அவர்கள் முன்னால் சேற்றைக் கலக்கிக்கொண்டு போகாமல் பின்னால் சுற்றிப் போங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். 'அண்ணா, இந்தப் பக்கம் போலாமா?', 'அக்கா, எப்ப தண்ணி ஏறும்?' என்று கேட்டுப் பாருங்கள், ஓதம் பற்றி மேலே நாங்கள் எழுதியதைவிடச் சரியான பதில் கிடைக்கும்.

*மழைக்காலத்தில் போகலாமா? சென்னையில் மழை நின்று இரண்டு நாள் ஆகிவிட்டால் ஆபத்து இல்லைதானே?*
– ஏ.எம்., ரெட்டேரி

சென்னை வானத்தைப் பார்த்து இந்த ஆற்றை முடிவு செய்ய முடியாது. மேலே திருத்தணிப் பக்கமும் ஆந்திர எல்லையிலும் பெய்த மழை பூண்டிக்கு வந்து, உபரி திறந்தால்தான் கொசஸ்தலையில் வெள்ளம். இங்கே பளீரென்று வெயில் அடிக்கும்போதே அணைக்கட்டில் தண்ணீர் புரளும். பூண்டியில் உபரி திறக்கும்போது மாவட்ட நிர்வாகம் கரையோர ஊர்களின் பெயரை வரிசையாகச் சொல்லி எச்சரிக்கும். அந்தப் பட்டியலில் சடையங்குப்பம், எண்ணூர் என்ற பெயர்களைப் பார்த்தால் அந்த வாரப் பயணத்தை ரத்து செய்யுங்கள்.

வெள்ளம் வடிந்த பிறகும் ஒரு பத்து நாள் பொறுங்கள். ஊறிய கரையின் விளிம்பு சைக்கிள் எடையில் சரியும். வளைக்குள் தண்ணீர் புகுந்த பாம்புகளும் மேட்டில்தான் இருக்கும். நீங்கள் ஓட்ட நினைக்கும் மேடும் அதுதான்.

*ரயில் பாலத்தில் நின்று ஆற்றைப் படம் எடுக்கலாமா? ட்ரோன் பறக்கவிடலாமா?*
– என்.டி., புழல்

பாலத்தில் ஏறுவது ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவில் குற்றம். ஆறு மாதம் வரை சிறை அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைவிட, கடற்காற்று இரைச்சலில் பின்னால் வரும் ரயில் கேட்காது, ஒதுங்கவும் இடம் இல்லை. சுற்றிலும் துறைமுகங்களும் மின்நிலையங்களும் இருப்பதால் ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். சாலைப் பாலத்தின் நடைமேடையிலிருந்து காலை ஏழு மணி வெயிலில் மேற்கே பார்த்து எடுங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், வற்றமாக இருந்தால் சேற்றுத்திட்டில் நாரையும் கிடைக்கும்.